பாஸ் கேட்காத ஆல்பத்தை எந்தப் பதிப்பில் திரும்பக் கேட்பது?

அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவான மெட்டாலிகாவின் ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்’ 1988இல் வெளிவந்தபோது அதை வாங்கியவர்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: வினைல் தட்டா, ஒலிநாடாவா, குறுந்தட்டா என்பது. எதை வாங்கினாலும் உள்ளே இருந்தது ஒரே ஒலிக்கலவை. பல ஆண்டுகள் கழித்து அதே ஆல்பத்தை முழுமையாக உட்கார்ந்து கேட்க நினைப்பவருக்கு இன்று நிலைமை அவ்வளவு எளிதாக இல்லை. 1988ஆம் ஆண்டின் மூலப் பதிப்பு இருக்கிறது. 2018இல் வெளிவந்த ரீமாஸ்டர் இருக்கிறது. தாழ்ந்த சுரங்களை வாசிக்கும் பாஸ் கிதாரின் ஒலியை உயர்த்தி ரசிகர்கள் தாங்களே செய்துகொண்ட கலவைகள் இருக்கின்றன. இந்தப் பாடல்களைக் குழுவின் நால்வரும் மேடையில் வாசித்த பதிவுகளும் இருக்கின்றன. இந்த நான்கில் எதிலிருந்து தொடங்குவது என்பதையே இங்கே எடைபோட்டுப் பார்க்கிறேன். பிற ஆல்பங்களைத் திரும்பக் கேட்பவருக்கும் இந்த எடைபோடுதல் பயன்படும் என்பதால் இடையிடையே வேறு சில குழுக்களின் மறுபதிப்புகளையும் தொட்டுக்கொள்கிறேன்.

இந்த ஆல்பத்தின் குறை உலகறிந்தது. பாஸ் கிதார் ஏறக்குறையக் கேட்பதே இல்லை. 1986 செப்டம்பரில் சுவீடனில் நடந்த பேருந்து விபத்தில் பாஸ் கலைஞர் கிளிஃப் பர்ட்டன் இறந்தபின் குழுவில் சேர்ந்த ஜேசன் நியூஸ்டெட் முழு நீள ஆல்பம் ஒன்றில் இவர்களுடன் வாசித்தது இதுவே முதல்முறை. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள ஒன் ஆன் ஒன் ஸ்டுடியோவில், குழுவினரோ தயாரிப்பாளரோ உடனில்லாமல், உதவிப் பொறியாளர் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டு தன் பகுதிகளைப் பதிவு செய்ததாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒலிக்கலவையை ஸ்டீவ் தாம்சனும் மைக்கேல் பார்பியரோவும் செய்தார்கள். டிரம்ஸ் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதில் குழுவின் டிரம்ஸ் கலைஞர் லார்ஸ் உல்ரிக் உறுதியாக இருந்ததாகவும், பாஸை ஏறக்குறையக் கேட்காத அளவுக்குக் குறைக்கச் சொன்னவர் அவரே என்றும் தாம்சன் கூறியிருக்கிறார். குழுவினர் அந்தக் கோடையில் பெரிய மேடைகளில் வாசித்துக்கொண்டே இடையிடையே கலவைக்கு வந்துபோனார்கள். இரைச்சலில் களைத்த காதுகளோடு எடுத்த முடிவுகள் அவை என்பது பாடகரும் கிதார் கலைஞருமான ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் விளக்கம். அவரே சொன்ன இன்னொரு காரணமும் உண்டு: நியூஸ்டெட் பெரும்பாலும் ரிதம் கிதாரின் கோட்டையே பின்தொடர்ந்து வாசித்தார், ஹெட்ஃபீல்டின் கிதாரோ நடு அலைவரிசைகளைக் குடைந்தெடுத்து, அடியையும் மேலையும் உயர்த்திய ஒலி. பாஸ் உட்கார வேண்டிய இடத்தில் கிதாரே உட்கார்ந்துகொண்டது.

பதிப்புகளை ஒப்பிடுவதற்கு முன் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது, ஏனென்றால் ‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு வேலைகள் ஒளிந்திருக்கின்றன. பல தடங்களில் தனித்தனியாகப் பதிவான குரல், கிதார், பாஸ், டிரம்ஸ் ஆகியவற்றை எந்த அளவில் எங்கே வைப்பது என்று முடிவு செய்து இடம், வலம் என இரண்டு தடங்களாக இறக்குவது கலவை. அப்படி இறக்கிய பிறகு அந்த இரண்டு தடங்களின் மொத்த ஒலியைத் தட்டுக்கோ குறுந்தட்டுக்கோ ஏற்றபடி சரிசெய்வது மாஸ்டரிங். ரீமாஸ்டர் என்பது இரண்டாவது வேலையை மட்டும் மறுபடி செய்வது. சமையல் முடிந்த பிறகு உப்பைக் கொஞ்சம் கூட்டலாம். குழம்பில் போடாத காயை அப்போது போட முடியாது. இந்த ஆல்பத்தின் குறை கலவையில் இருக்கிறது. ஆகவே ரீமாஸ்டர் அதைத் தீர்க்கும் என்று எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாறுவார்.

1988 பதிப்பை இன்று கேட்கும்போது முதலில் முகத்தில் அறைவது அதன் வறட்சி. எதிரொலி மிகக் குறைவு. காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம் ஆழமாக முழங்காமல் ‘டிக்’ என்று தட்டச்சுப் பொறிபோல் ஒலிக்கிறது. கிதார்கள் தகடு கிழிவதுபோல் இரு பக்கமும் நிற்கின்றன. முதன்முதலில் நான் இதைக் கேட்டது யாரோ யாரிடமோ நகலெடுத்த ஒலிநாடாவில். அதில் எல்லாமே மங்கலாக இருந்ததால் பாஸ் இல்லாததை நாடாவின் குறை என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். குறுந்தட்டில் கேட்டபோதுதான் பழி நாடாவுக்கு உரியதில்லை என்று தெரிந்தது. ஆனாலும் இந்த வறட்சிக்கு ஒரு பயன் இருக்கிறது. ஒன்பது பாடல்கள், ஏறத்தாழ 65 நிமிடங்கள். பல பாடல்கள் ஏழு நிமிடத்தைத் தாண்டுகின்றன. தாளம் அடிக்கடி மாறுகிறது, ரிஃப் என்ற திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு ஒன்று முடிவதற்குள் அடுத்தது வெட்டிக்கொண்டு நுழைகிறது. அடியில் தடித்த பாஸ் ஓடியிருந்தால் இந்த வெட்டுகளின் விளிம்புகள் மழுங்கியிருக்கும். ஊழல்பட்ட நீதி, கறுப்புப் பட்டியல், போரில் கை கால் புலன் அனைத்தையும் இழந்து கிடப்பவன் என்று ஆல்பம் எடுத்துக்கொண்ட பொருள்களுக்கு அந்த எலும்புக்கூட்டு ஒலி பொருந்தியும் போகிறது. இந்தப் பொருத்தம் திட்டமிட்டு வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். களைத்த காதும் ஒரு புதியவர்மீது காட்டிய கடுமையும் சேர்ந்து உருவாக்கிய விபத்தாகவே அது எனக்குத் தோன்றுகிறது. விபத்தில் பிறந்ததும் காலப்போக்கில் ஒரு படைப்பின் முகமாகிவிடுவது உண்டு.

மூலப் பதிப்பிலேயே வினைலா, குறுந்தட்டா என்ற கிளைக்கேள்விக்கு நான் அதிக நேரம் செலவிட மாட்டேன். ஆல்பத்தின் நீளம் காரணமாக அது இரண்டு தட்டுகளாக வந்தது. பக்கத்துக்குச் சராசரியாக 16 நிமிடம் என்பதால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டிய கட்டாயம் இல்லை, ஒலி நன்றாகவே இருக்கும். ஆனால் மூன்று முறை எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். சிலருக்கு அந்த இடைவெளி மூச்சுவிடும் நேரம். எனக்கு அது இந்த ஆல்பத்தின் இறுக்கத்தைத் தளர்த்துகிறது, குறுந்தட்டே போதும்.

இனி 2018 ரீமாஸ்டர். ரூபன் கோஹன் என்ற பொறியாளர் மாஸ்டரிங் செய்ய, கிரெக் ஃபிடெல்மன் மேற்பார்வையிட, அந்த ஆண்டு நவம்பரில் இது வெளிவந்தது. வெளியீட்டுக்கு முன் ‘இம்முறையாவது பாஸ் கேட்குமா’ என்ற கேள்வி ரசிகர்களிடையே பெரிதாக எழுந்தது. ஹெட்ஃபீல்டின் பதில் தெளிவாக இருந்தது: ரீமாஸ்டர் செய்யலாம், ஆனால் கலவையை மாற்றுவது வரலாற்றை மாற்றுவதாகும்; தங்களை மோனலிசாவோடு ஒப்பிடவில்லை என்றாலும், அவளுடைய புன்னகையைக் கொஞ்சம் சரிசெய்யலாமா என்று யாரும் கேட்பதில்லையே என்று அவர் வேடிக்கையாகச் சொன்னார். நான் அந்த வாதத்தை முழுமையாக ஏற்கவில்லை, ஏனென்றால் மோனலிசாவை வரைந்தவர்களில் ஒருவரின் தூரிகை வேலையை மற்றவர்கள் வேண்டுமென்றே மறைக்கவில்லை. ஆனாலும் மூலம் அழியாமல் இருக்க வேண்டும் என்ற அளவில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

ரீமாஸ்டரில் என் காதுக்கு எட்டும் மாற்றங்கள் சிறியவை. மொத்த ஒலி சற்று உயர்ந்திருக்கிறது. அடி அலைவரிசைகளில் கொஞ்சம் சதை கூடியிருக்கிறது. ஆனால் அந்தப் பகுதியை உயர்த்தும்போது பாஸ் மட்டும் தனியாக உயர்வதில்லை. அதே இடத்தில் வாழும் கிக் டிரம்மும் கிதாரின் அடிப்பகுதியும் சேர்ந்தே எழுகின்றன. ஆகவே பாஸ் இருந்த இடத்திலேயே இருக்கிறது, அதைச் சுற்றிய இருட்டு மட்டும் கொஞ்சம் தடிக்கிறது. வீட்டில் ஈக்வலைசரைத் திருகிப் பார்ப்பவர்களுக்கும் இதே முடிவுதான் கிடைக்கும். இந்த மறுபதிப்பின் உண்மையான செல்வம் பெரிய பெட்டியாக வந்த வடிவத்தில் இருக்கிறது. அதில் உருவாக்கக் கட்டத்தின் பதிவுகளும், இறுதி முடிவுகள் எடுக்கப்படுவதற்கு முந்தைய கரடுமுரடான கலவைகளும் இடம்பெற்றன. ஆல்பம் எந்த நிலையிலிருந்து எந்த நிலைக்கு வந்தது என்று அறிய விரும்புபவருக்கு அவை ரீமாஸ்டரைக் காட்டிலும் அதிகம் சொல்லும். முதல் முறை திரும்பிக் கேட்பவருக்கு அந்தப் பெட்டி சுமை.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆல்பத்தின் பெயரைத் தேடினால் முன்னால் வந்து நிற்பது பெரும்பாலும் ரீமாஸ்டரே. எதைக் கேட்கிறோம் என்று தெரியாமலே பலர் அதைக் கேட்கிறார்கள். இரண்டையும் ஒப்பிட விரும்பினால் ஒலி அளவைச் சமன் செய்துகொண்டு ஒப்பிடுவது கட்டாயம். நம் காது குறைந்த ஒலியில் அடி அலைவரிசைகளைச் சரியாக உணராது என்பதை 1933இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் செறிவாகவும் மேலானதாகவும் தோன்றும். பல ரீமாஸ்டர்கள் முதல் கேட்பில் வெல்வதற்கு இதைத் தவிர வேறு காரணம் இல்லை. ஏற்கெனவே பாஸ் மெலிந்த இந்த ஆல்பத்தை இரவில் மெல்லிய ஒலியில் கேட்பவர் அதை அதன் மிகமோசமான நிலையில் கேட்கிறார் என்பதும் இதிலிருந்தே விளங்கும்.

உரத்த ஒலியைப் பற்றிப் பேசும்போது இதே குழுவின் 2008 ஆல்பமான ‘டெத் மேக்னடிக்’ நினைவுக்கு வராமல் இருக்காது. அங்கே ஒலி உச்சியில் நசுங்கித் தட்டையாகிக் கரகரக்கிறது. ‘கிதார் ஹீரோ’ வீடியோ விளையாட்டுக்காகத் தரப்பட்ட அதே பாடல்களின் வடிவத்தில் அந்த நசுக்கல் குறைவாக இருந்ததை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், தன்னிடம் வந்தபோதே கலவைகள் நசுங்கித்தான் இருந்தன என்று சொன்னார். 1988 ஆல்பத்தில் குறை ஒரு கருவியின் அளவில். 2008 ஆல்பத்தில் குறை மொத்த ஒலியின் நெரிசலில். இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது.

மூன்றாவது வழி ரசிகர்களின் கலவைகள். ‘...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஜேசன்’ என்ற வேடிக்கைப் பெயரில் இவை பல ஆண்டுகளாக இணையத்தில் உலவுகின்றன. சிலர் தாங்களே பாஸ் வாசித்து மூலத்தின்மீது ஏற்றினார்கள். வேறு சிலர் 2009இல் வந்த ‘கிதார் ஹீரோ: மெட்டாலிகா’ விளையாட்டில் தனித்தனியாகக் கிடைத்த தடங்களிலிருந்து நியூஸ்டெட்டின் பாஸைப் பிரித்தெடுத்து உயர்த்தினார்கள். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணக் கூடாது. முதல் வகையில் நாம் கேட்பது யாரோ ஒருவரின் ஊகத்தை; இரண்டாவதில் கேட்பது அறையில் உண்மையாகவே நடந்த ஒன்றை. இரண்டாவது வகையைக் கேட்டபோது எனக்குள் இருந்த ஒரு எண்ணம் சரிந்தது. கிதாரை அப்படியே பின்தொடர்ந்ததால்தான் பாஸ் தேவையற்றதாக இருந்தது என்று நம்பியிருந்தேன். உண்மையில் அது கிதாரோடு சேர்ந்து ஓடும்போதுகூட ஓட்டத்துக்கு ஒரு முன்தள்ளலைத் தருகிறது. தந்தியை மீட்டும் பிக் என்ற சிறு தகட்டின் கடினமான தட்டல் டிரம்ஸையும் கிதாரையும் ஒட்டவைக்கும் பசையாக இருக்கிறது. பாஸ் பதிவு நன்றாகவே இருந்தது என்று தயாரிப்பாளர் ஃப்ளெமிங் ராஸ்முசன் சொன்னதை அதற்குப் பிறகு சமாதான வார்த்தையாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

இருந்தாலும் முழு ஆல்பத்துக்கான துணையாக இவற்றைப் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். விளையாட்டுக்காகத் திறக்கப்பட்டவை சில பாடல்கள் மட்டுமே என்பதால் தரம் பாடலுக்குப் பாடல் மாறுகிறது. இவற்றைச் செய்பவர்கள் பெரும்பாலும் நீதி வழங்கும் ஆவேசத்தில் பாஸை வேண்டியதைவிட மேலே தூக்கிவிடுகிறார்கள். முன்பு கேட்காத ஒன்று இப்போது மற்ற எல்லாவற்றையும் மறைக்கிறது. ஒரு குறைக்கு எதிரான வாதமாக இவை சிறப்பானவை. ஒரு மணி நேரம் அமர்ந்து கேட்கும் இசையாக அந்த அளவுக்கு இல்லை.

குழுக்களே அதிகாரப்பூர்வமாகக் கலவையில் கைவைத்தபோது என்ன நடந்தது என்பதையும் இங்கே பார்க்க வேண்டும், ஏனென்றால் ‘ஏன் ரீமிக்ஸ், அதாவது மறுகலவை, செய்யக் கூடாது’ என்று கேட்பவர்கள் அந்த முன்னுதாரணங்களை மறந்துவிடுகிறார்கள். மெகாடெத் குழு 1990இல் வெளியிட்ட ‘ரஸ்ட் இன் பீஸ்’ ஆல்பத்தை 2004இல் அதன் தலைவர் டேவ் மஸ்டெயின் மறுகலவை செய்தார். குரல் தடங்கள் சில காணாமற்போனதால் அந்த இடங்களைப் பதினான்கு ஆண்டு முதிர்ந்த குரலில் மறுபடி பாட வேண்டியதாயிற்று. கிதார்கள் தெளிவாக, அகலமாக ஒலிக்கின்றன. ஆனால் மூலத்தை மனப்பாடமாக அறிந்தவருக்கு ஒவ்வொரு பாடலிலும் ஏதோ ஒரு சொல் இடம்மாறிய கவிதையைப் படிப்பதுபோல் இடறுகிறது. பாடகர் ஓஸி ஆஸ்பர்னின் ‘பிளிசார்ட் ஆஃப் ஓஸ்’, ‘டைரி ஆஃப் எ மேட்மேன்’ ஆகியவற்றின் 2002 மறுபதிப்புகள் இன்னும் துணிந்தன. ராயல்டி வழக்குகளின் பின்னணியில், பாப் டெய்ஸ்லியின் பாஸையும் லீ கெர்ஸ்லேக்கின் டிரம்ஸையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் ராபர்ட் ட்ருஹியோவையும் மைக் போர்டினையும் புதிதாக வாசிக்க வைத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் கிதார் கலைஞர் ராண்டி ரோட்ஸ் யாரோடு சேர்ந்து மூச்சுவிட்டு வாசித்தாரோ அவர்கள் காணாமற்போனார்கள். எதிர்ப்பு வலுத்தது, 2011 பதிப்பில் மூல வாசிப்புகள் திரும்பி வந்தன. ட்ருஹியோ அடுத்த ஆண்டே மெட்டாலிகாவின் பாஸிஸ்ட் ஆனார் என்பது இந்தக் கதையோடு தொடர்பில்லாத, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வராத செய்தி.

அயர்ன் மெய்டன் 2022இல் ‘தி நம்பர் ஆஃப் தி பீஸ்ட்’ ஆல்பத்தின் நாற்பதாண்டு வினைல் பதிப்பில் செய்தது வேறு வகை: ‘கேங்லேண்ட்’ பாடலை எடுத்துவிட்டு, 1982இல் தனித்தட்டின் மறுபக்கத்துக்குப் போயிருந்த ‘டோட்டல் எக்லிப்ஸ்’ பாடலை அந்த இடத்தில் வைத்தார்கள். அந்தத் தேர்வு தவறு என்று ஸ்டீவ் ஹாரிஸ் முன்பே வருந்தியிருந்தார். பாடலாகப் பார்த்தால் மாற்றம் நியாயமானதே, ஒலியும் சிதையவில்லை. எக்ஸோடஸ் தன் 1985 அறிமுக ஆல்பத்தை 2008இலும் ட்விஸ்டட் சிஸ்டர் தன் 1984 ஆல்பத்தை 2004இலும் அடியோடு புதிதாகப் பதிவு செய்தன. அவற்றை ஒருமுறை கேட்டால் போதும். ஒருவேளை மெட்டாலிகாவும் அப்படி இறங்கியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கும்போது, ஹெட்ஃபீல்டின் பிடிவாதத்துக்கு மனத்துக்குள் கொஞ்சம் நன்றி சொல்லத் தோன்றுகிறது. ஸ்லேயரின் ‘ரெய்ன் இன் பிளட்’ போல 29 நிமிடத்தில் எல்லாம் தெளிவாகக் கேட்டுவிடும் ஆல்பத்தைத் திரும்பக் கேட்பவருக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. கையில் கிடைத்த பதிப்பைப் போட்டுக்கொள்ளலாம்.

நான்காவது வழியான மேடைப் பதிவுகளில் ஒன்றை மட்டும் சொன்னால் போதும். 1989 ஆகஸ்டு இறுதியில் சியாட்டிலில் பதிவான நிகழ்ச்சி, 1993இல் வந்த பெரிய பெட்டித் தொகுப்பில் இடம்பெற்றது. அங்கே நியூஸ்டெட் கேட்கிறார், அதுவும் நன்றாகவே கேட்கிறார். ‘பிளாக்கண்ட்’ தொடங்கும் கணத்தில், இசையமைப்பில் அவர் பெயரும் உள்ள அந்தப் பாடல் எந்த எடையோடு தரையில் இறங்கியிருக்க வேண்டும் என்பது விளங்கிவிடும். ‘ஒன்’ பாடலின் இரண்டாம் பாதியில் இரட்டை கிக் டிரம் பீரங்கிபோல் நுழையும்போது அதன் அடியில் நிலம் இருக்கிறது. அதே நால்வர், அதே காலம், கைகளில் அதே இளமை. எந்த ரீமிக்ஸும் தர முடியாத சான்று இது. ஆனால் இந்த வழி பாதி ஆல்பத்துக்கே திறக்கிறது. அந்த நிகழ்ச்சியில் இந்த ஆல்பத்தின் பாடல்கள் நான்குதான். ‘டையர்ஸ் ஈவ்’ முதன்முதலில் மேடையேறியது 2004இல். ‘தி ஃப்ரேய்ட் எண்ட்ஸ் ஆஃப் சானிட்டி’ முழுமையாக வாசிக்கப்பட 2014 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போது பாஸ் வாசித்தவர் ட்ருஹியோ.

ஆகவே என் முடிவு கேட்பவரின் நிலையைப் பொறுத்து இரண்டாகப் பிரிகிறது. இளமையில் இந்த ஆல்பத்தைக் கேட்டுப் பழகி, நீண்ட இடைவெளிக்குப் பின் திரும்புபவர் 1988 குறுந்தட்டையே தேடிப்பிடித்து, நல்ல ஸ்பீக்கரில், ஒலியைத் தாராளமாக வைத்து, முதல் பாடலிலிருந்து இறுதிவரை கேட்க வேண்டும். அடுத்த நாள் சியாட்டில் பதிவு. ரீமாஸ்டர் அவருக்குக் கூடுதலாக எதையும் தராது. முதன்முறையாகக் கேட்பவர், அதுவும் பின்னால் வந்த ஆல்பங்கள் வழியே குழுவை அறிந்தவர், சியாட்டில் பதிவிலிருந்து தொடங்கினால் ஆல்பத்தின் வறட்சி அவரை விரட்டாது. அதன்பின் ஸ்ட்ரீமிங்கில் இருக்கும் ரீமாஸ்டரே போதும், பழைய தட்டுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. ரசிகர் கலவைகளை இருவரும் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம். மூலத்தை நன்றாக அறிந்த பிறகே அவை என்ன மாற்றுகின்றன என்பது பிடிபடும்.

ஒரு பாடலுக்கு மட்டும் எந்த மாற்றுப் பதிப்பையும் நான் தேடுவதில்லை. எட்டாவதாக வரும் ‘டு லிவ் இஸ் டு டை’ பர்ட்டன் விட்டுச்சென்ற இசைத்துணுக்குகளைக் கொண்டு கட்டப்பட்டது. ஏறத்தாழப் பத்து நிமிடம், நடுவில் பேசப்படும் சில வரிகளைத் தவிர எல்லாம் வாத்தியம். இறந்துபோன பாஸ் கலைஞருக்கான அந்தப் பாடலிலும் பாஸ் கேட்பதில்லை. குழுவினர் அப்படி நினைத்துச் செய்யவில்லை என்று நன்றாகத் தெரிந்தும், மூலப் பதிப்பில் அந்த வெற்றிடத்தை வேறு எதனாலும் நிரப்பிக் கேட்க எனக்கு விருப்பமில்லை.